டிக்கெட் போடுமுன் பாஸ்போர்ட்டைப் பாருங்கள்

அமெரிக்காவில் படிக்கும் நம் பிள்ளைகளுக்குத் திருநெல்வேலி வந்துபோக வாகான காலம் கோடை விடுமுறைதான். நெல்லையப்பர் ஆனித் தேரோட்டமும் அப்போதுதான். “ஒரு எட்டு வந்து மொகத்தக் காட்டிட்டுப் போய்யா” என்று பாளையங்கோட்டையிலிருந்து ஆச்சி கூப்பிட்டால் யாருக்குத்தான் மனசு கேட்கும்? வரட்டும். ஆனால் பாஸ்போர்ட்டில் எஃப்-1 மாணவர் விசா ஒட்டியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

பெற்றோரின் எச்-1பி வேலையை ஒட்டி எச்-4 விசாவில் சிறுவயதிலேயே போனவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். 21 வயது ஆனதும் எச்-4 போய்விடும். அதற்குள் ஐ-539 விண்ணப்பம் போட்டு, அங்கிருந்தபடியே மாணவர் ஸ்டேட்டஸுக்கு மாறுகிறார்கள். ஐ-797 ஒப்புதல் கடிதம் வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று வீடே நிம்மதி அடைகிறது. அந்தத் தாள் அங்கே தங்கிப் படிக்க மட்டும்தான் செல்லும். நாட்டைவிட்டு இந்தியா வந்துவிட்டால், மாணவராகத் திரும்பி நுழைய எஃப்-1 விசா வேண்டும். பழைய எச்-4 விசாவுக்குத் தேதி மிச்சம் இருந்தாலும் அது உதவாது. விண்ணப்பம் முடிவாகுமுன்னே கிளம்பிவிட்டால் இன்னும் மோசம்: ஸ்டேட்டஸ் மாற்றத்தையே கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள்.

ஆகவே சென்னை அண்ணா சாலை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில், முதல்முறை போகிறவரைப் போலவே டிஎஸ்-160 விசா விண்ணப்பம் நிரப்பி, 185 டாலர் கட்டி, நேர்காணலுக்கு நிற்க வேண்டும். 2025 செப்டம்பர் 2 முதல் மாணவர்களுக்கு நேர்காணல் இல்லாத வழி அடைபட்டுவிட்டது. கனடாவிலோ மெக்சிகோவிலோ முடித்துக்கொள்ளலாம் என்பதும் கஷ்டம்தான். சொந்த நாட்டிலோ வசிக்கும் நாட்டிலோதான் விண்ணப்பிக்க வேண்டும் என்று அதே மாதம் அறிவித்துவிட்டார்கள். சமூக ஊடகக் கணக்குகளையும் எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்கச் சொல்கிறார்கள்.

நேர்காணலில் கனமான கேள்வி ஒன்றுதான்: படிப்பு முடிந்து திரும்புவாயா? பெற்றோர் கிரீன் கார்டு வரிசையில் நின்றால் இந்தக் கேள்வி இன்னும் இறுகும். அதை மறைக்கச் சொல்லும் ஏஜெண்டை நம்பவே நம்பாதீர்கள். விசாவுக்காகப் பொய் சொன்னது தெரிந்தால் ஆயுள் முழுக்க அமெரிக்கா போகத் தடை விழலாம். உண்மையைச் சொல்லி, அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் 214(பி) பிரிவில் மறுக்கப்பட்டால் மேல்முறையீடு கிடையாது, கட்டிய பணமும் வராது; ஆனால் மறுபடி விண்ணப்பிக்கும் உரிமை அப்படியே இருக்கிறது. 221(ஜி) சீட்டு கொடுத்தால் கூடுதல் ஆவணமோ பரிசீலனையோ பாக்கி என்று பொருள். அதற்கு வாரக்கணக்கில்கூட ஆகலாம்.

எனவே கிளம்புமுன் கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் ஐ-20 படிவத்தில் பயணக் கையெழுத்து வாங்குங்கள். ஐ-797, மதிப்பெண் பட்டியல், கட்டணம் கட்டிய ரசீது, பெற்றோரின் வருமானச் சான்று ஆகியவற்றின் அசல் கையில் இருக்கட்டும். விசா இழுத்தடித்தால் வகுப்பு தொடங்குமுன்பே அந்த அலுவலகத்துக்கு எழுதுங்கள். சேர்க்கையை அடுத்த பருவத்துக்குத் தள்ளி, புது ஐ-20 தருவது அவர்கள் கையில்தான் இருக்கிறது.