அலிபிரியில் கைவிட்ட பாட்டில்

திருமலைக்கு யாத்திரை செல்வோரின் வாகனங்கள் அலிபிரிச் சோதனைச் சாவடியில் நிற்கும்பொழுது, பைகளிலிருந்து வெளியே எடுக்கப்படும் வஸ்துக்களில் பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டிலும் ஒன்று. ஏனெனில் 2022 ஜூன் மாதம் முதல் தேவஸ்தானத்தார் மலைமீது பிளாஸ்டிக்கை அடியோடு விலக்கி, ஜலப்பிரசாதக் குழாய்களில் குடிநீரும், கடைகளில் முன்பணத்தின்பேரில் கண்ணாடிப் பாட்டிலும் கிடைக்கும்படி செய்திருக்கிறார்கள். மலை சுத்தமாவது நல்ல விஷயமே. ஆனால் மலையேறாத பாட்டில் அடிவாரத்தில் கிடக்கிறது. திருப்பதியிலும் சித்தூரிலும் பஸ் நிலையங்களில் அதன் வியாபாரம் குறைவின்றி நடக்கிறது.

அதன் பிற்காலம் என்ன? குப்பை பொறுக்குவோர் கையிலிருந்து காயலான் கடைக்கும், அங்கிருந்து அழுத்திக் கட்டிய சிப்பமாக ஆலைக்கும் போகிற பாட்டில், நிறவாரியாகப் பிரிக்கப்பட்டு, சில்லுகளாக நறுக்கப்பட்டுத் தண்ணீர்த் தொட்டியில் விழுகிறது. பாட்டிலின் உடல் ‘பெட்’ என்னும் பாலியெஸ்டர் இனமாகையால் கனத்து மூழ்க, பாலிஎத்திலீன் மூடியோ லேசாக மேலே மிதக்கிறது. இந்த எளிய உபாயத்தால் இரண்டும் பிரிந்தபின், காஸ்டிக் சோடா கலந்த வெந்நீரில் பசையையும் அழுக்கையும் போக்கி, ஈரமறக் காயவைத்து, 260 டிகிரியை ஒட்டிய உஷ்ணத்தில் உருக்கி, நுண்துளைகள் வழியே இழையாக இழுக்கிறார்கள். தலையணைப் பஞ்சும் ஆடைத் துணியும் அவ்வாறே உண்டாகின்றன. 2023 பிப்ரவரியில் பிரதம மந்திரி பார்லிமெண்டுக்கு அணிந்து வந்த நீலக் கோட்டின் துணியும் கரூர் ஆலையொன்றில் இவ்விதம் உருவானதே.

ஆயினும் துணியாகிவிட்ட பாட்டில் மீண்டும் பாட்டிலாவது அபூர்வம். கடினப் பிளாஸ்டிக் பாட்டில், டப்பாக்களில் 2025-26க்கு 30 சதவிகிதம், 2028-29க்கு 60 சதவிகிதம் என மறுசுழற்சிப் பொருள் சேரவேண்டும் என்று மத்திய அரசாங்கம் விதி வகுத்திருக்கிறது. உணவுக்கு உகந்த தரத்தில் அதைத் தயாரிக்கச் சுத்தமான பாட்டில் தேவை. எச்சில் இலையோடும் குழம்போடும் புரண்டது அதற்கு உதவாது.

மலைமேல் கண்ணாடிப் பாட்டிலைக் கடைக்குத் திரும்ப வரச் செய்வது உபதேசமன்று, முன்பணம். அதே ஏற்பாடு அடிவாரத்துப் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் வரவேண்டும். அதுவரையில், திருப்பதிக்குப் புறப்படும் தமிழன்பர்கள் வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாத்திரத்தில் தண்ணீர் கொண்டு செல்லட்டும். வாங்கித்தான் தீரவேண்டுமென்றால், குடித்து முடித்த பாட்டிலை மற்றக் குப்பையோடு கலவாமல் தனியே போடட்டும்.