பாலாற்றுக் கழிவுநீர் வழக்கு

சிங்கப்பெருமாள் கோயிலுக்குத் தெற்கே கடலை நாடிச் செல்லும் பாலாறு, மேற்கே வேலூர்ப் பக்கத்தில் தோல் பதனிடும் சாலைகளின் கழிவுநீரால் கெட்டது. உப்பு மிகுந்த அந்நீர் கிணறுகளிற் சுவறியதால் மண் இறுகிப் பயிர் குன்றிற்று. 1991-ல் தொடுத்த வழக்கில், கெடுத்தவரே நஷ்டஈடு தரவேண்டுமென்று சுப்ரீம் கோர்ட்டார் 28-8-1996-ல் தீர்ப்பளித்தனர். அதன்படி ஏற்பட்ட அதிகாரசபை, 2001 மார்ச்சில் 29,193 பேருக்கு ரூ. 26.82 கோடி விதித்தது.

விதித்ததெல்லாம் கைக்கு வந்துவிடவில்லை. பாக்கியைப் பட்டுவாடா செய்யும்படி 30-1-2025-ல் கோர்ட்டார் மீண்டும் உத்தரவிட நேர்ந்தது. தகப்பன் இழந்த விளைச்சலுக்கு மகன் காத்திருக்கும் அளவு காலம்!

கிணற்றில் உவர் தட்டிய உடனே நீரையும் மண்ணையும் பரிசோதனைக்கனுப்பி, சர்வே நம்பர், தேதி கண்ட முடிவைப் பத்திரப்படுத்துவது நலம். கிராம உத்தியோகஸ்தர்கள் பயிர்ச்சேதத்தை அவ்வப்போதே கணக்கிற் பதியவேண்டும்.