சக்கரம் சுமந்த காலம் – 9: பட்டிக்கு முன் ஒரு படம்

சென்ற வாரம் ஆர்.சி. புத்தகம், பழைய ரசீதுகள் என்று காரின் காகிதங்களைத் திரட்டுவது பற்றிப் பார்த்தோம். காகிதம் சொல்லாத பலவற்றைப் புகைப்படம் சொல்லும். பழைய கார் ஒன்றை வாங்கிய நாள்முதல் அதை எப்படிப் படமெடுத்து வைப்பது என்று இந்த வாரம் பார்ப்போம்.

ஸ்டாண்டர்ட் ஹெரால்டையே எடுத்துக்கொள்வோம். இத்தாலியரான ஜியோவானி மிக்கெலாட்டி வடிவமைத்து, இங்கிலாந்தில் 1959-ல் டிரையம்ப் ஹெரால்டாக வெளிவந்த கார் இது. 1961 முதல் நம் சென்னையிலேயே தயாரானது. தனிச் சேஸிஸ், அதன்மேல் போல்ட் போட்டு முடுக்கிய பாடி. மட்கார்டுகளோடு சேர்ந்து பானட் முழுவதும் முன்பக்கமாகக் கவிழும். பிரிப்பதற்குச் சுலபமான கார்தான். திரும்பப் பூட்டும்போதுதான் படங்களின் அருமை தெரியும்.

பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவே, போல்ட் இறங்கும் இடங்களில் பேக்கிங் வைத்திருப்பார்கள். ஓரிடத்தில் கனமாக இருக்கும், இன்னோரிடத்தில் மெல்லிசாக இருக்கும். அவை இடம் மாறினால் கதவு ஒரு மூலையில் உரசும், மறு மூலையில் விரல் நுழையும். அதனால் கழற்றும் முன் ஒவ்வோர் இடத்திலும் சாக்பீஸால் ஓர் எண் எழுதுங்கள். எண்ணும் பேக்கிங்கும் சேர்ந்து தெரியும்படி எடுங்கள். கதவு இடுக்குகளையும், பக்கத்தில் அளவுகோலை வைத்து, நான்கு புறமும் எடுத்துவிடுங்கள்.

அடுத்து வயரிங். அந்தக் கால பிரிட்டிஷ் கார்களின் முறைப்படி பேட்டரியிலிருந்து நேராக வரும் வயர் பிரவுன். இக்னிஷனுக்கு வெள்ளை, ஹெட்லைட்டுக்கு நீலம், சைடு லைட்டுக்குச் சிவப்பு, எர்த்துக்குக் கறுப்பு. ஐம்பது வருட எண்ணெய்ப் பிசுக்கில் எல்லாம் ஒரே நிறமாகியிருக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, வயரைத் துணியால் துடைத்து, நிறம் தெரிந்த பிறகு எடுத்தால்தான் அந்தப் படம் எலெக்ட்ரிஷியனுக்கு உதவும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது தகடு வேலை. ஓட்டை விழுந்த தரை, அரித்த ஓரங்கள், வெல்டிங் தையல் எல்லாமே பட்டியும் பிரைமரும் ஏறிவிட்டால் மறைந்துவிடும்.

“போட்டோ எதுக்கு சார்? பட்டி போட்டா ஒண்ணுமே தெரியாது” என்பார் டிங்கர்.

“தெரியாமப் போயிடும்னுதாண்ணே இப்பவே எடுத்துக்கறேன்” என்று சொல்லுங்கள். துருவோடு ஒரு படம், வெட்டி எடுத்த பின் ஒன்று, புதுத் தகடு வைத்த பின் ஒன்று. இந்த மூன்றும் இருந்தால் எது பழைய தகடு, எது புதிது என்பதில் பிற்பாடு யாருக்கும் சந்தேகம் வராது.

இது உரிமையாளரின் மனத்திருப்திக்கு மட்டுமான வேலை இல்லை. பழைய வாகனங்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பான ஃபீவா 2013-ல் ஏற்ற டுரின் சாசனம், செய்த வேலைகளையெல்லாம் ஆவணப்படுத்தச் சொல்கிறது. நம் நாட்டில் 2021-ல் வந்த விதிப்படி, 50 ஆண்டு தாண்டிய காரை ‘விஏ’ வரிசையில் வின்டேஜ் வாகனமாகப் பதிய, அது அசல் வடிவிலேயே இருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. உங்கள் கார் அப்படித்தான் இருக்கிறது என்று எடுத்துக்காட்டப் படங்களைவிட நல்ல துணை ஏது?

எடுக்கும் முறையிலும் கவனம் வேண்டும். மொபைலின் அகலக் கோண லென்ஸ் மூக்கைப் பெரிதாக்கி வாலைச் சிறிதாக்கிவிடும். சற்றுத் தள்ளி நின்று ஜூம் செய்யுங்கள். டென்ட் தெரிய வேண்டுமானால் பேனலை ஒட்டினாற்போல் டார்ச்சைச் சாய்த்துப் பிடியுங்கள். நேர் வெளிச்சத்தில் கண்ணுக்குப் படாத நெளிவுகூட நிழலோடு எழும்பும். பட்டறைத் தரையில் ஓர் அடையாளம் போட்டு, வாராவாரம் அதே இடத்தில் நின்று முழுக் காரையும் ஒரு படம் எடுங்கள்.

காரை விற்றவர் வீட்டு ஆல்பங்களையும் விட்டுவிடாதீர்கள். கல்யாணத்துக்கும் குலதெய்வக் கோயிலுக்கும் போனபோது எடுத்த படங்களில், பின்னால் நிற்கும் காரின் வீல் கப், கண்ணாடி, கிரில் எல்லாம் அன்றிருந்தபடியே பதிந்திருக்கும். கறுப்பு வெள்ளைப் படம் நிறத்தைச் சொல்லாவிட்டாலும், இரு வண்ணம் அடித்த காரென்றால் எந்த இடத்தில் வண்ணம் மாறியது என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

படங்களைத் தேதி, பாகம் வாரியாகப் பெயரிட்டு இரண்டு இடங்களில் சேமியுங்கள். கார் கைமாறும்போது சாவியோடு அவற்றையும் கொடுங்கள். அடுத்து அதைப் பிரிக்கப்போகும் மெக்கானிக்குக்கு உங்களிடமிருந்து போய்ச் சேர வேண்டிய பொருள் அது.

(அடுத்த வாரம்: பம்பரும் குரோமியப் பூச்சும்)