200 வருஷத்துக்கு முன் மெட்ராஸ் பறவைகளை வரைந்த நீதிபதி மனைவி: 121 படங்கள் கனடாவில் இருக்கு!

மீஞ்சூர்:
மீஞ்சூருக்கு வடக்கே பழவேற்காடு ஏரியில் பூநாரை இறங்கினால் ஆளாளுக்கு செல்போனை நீட்டுகிறார்கள். கேமராவே இல்லாத காலத்தில் மெட்ராஸ் பறவைகளை அச்சு அசலாக வரைந்து வைத்தவர் எலிசபெத் குவில்லிம் என்ற வெள்ளைக்கார அம்மணி.

யார் இவர்?

மெட்ராஸ் கோர்ட்டு நீதிபதி ஹென்றி குவில்லிமின் மனைவி. 1801-ல் கணவரோடும் தங்கை மேரி சைமண்ட்சோடும் கப்பலில் வந்து இறங்கினார். தெலுங்கும் படித்தார். வாட்டர் கலரில், பெரும்பாலும் பறவையின் நிஜ அளவிலேயே வரைந்தார். நாரை என்றால் காகிதமும் அத்தனை பெரிசு!

செத்த பறவையின் கண், அலகு, கால் நிறம் சீக்கிரம் மங்கிவிடும். உயிரோடு பிடித்து வந்து கொடுத்தவர்கள் இந்த ஊர் பறவை பிடிப்பவர்கள்தான். அவர்கள் இல்லாவிட்டால் படம் ஏது? ஆனால் பேர் என்னவோ அம்மணிக்குத்தான். அதுவும் லேசில் கிடைக்கவில்லை.

1807-ல் மெட்ராசிலேயே இறந்துபோனார். கோட்டை செயின்ட் மேரி சர்ச்சில் அடக்கம். படங்கள் லண்டனில் கேட்பாரற்றுக் கிடந்தன. 1924-ல் டாக்டர் கேசி வுட் அவற்றை விலைக்கு வாங்கி, கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக லைப்ரரியில் சேர்த்தார்.

நிஜ அளவு பறவைப் படம் என்றாலே உலகம் சொல்வது அமெரிக்காவின் ஆடுபானை. அவர் புத்தகம் வெளிவர ஆரம்பித்ததே 1827-ல்தான்!

அந்தக் காலத்தில் மெட்ராஸ் பக்கம் என்னென்ன பறவை இருந்தது என்பதற்கு இந்த 121 படங்களும் கண்கண்ட சாட்சி. பார்க்க கனடா போக வேண்டாம். மெக்கில் லைப்ரரி இன்டர்நெட்டிலேயே போட்டிருக்கிறது.