பரம்பரை அலகும் வக்கடையும்

வீரமுனையைச் சூழ்ந்து விரிந்து கிடக்கும் வயல்களை எம்மவருள் அறியாதார் இலர். கல்லோயா நீர் வாய்க்கால் வழியே எல்லா வயல்களுக்கும் பொதுவாக வருகின்றது. எனினும் எந்த வயலில் எப்பொழுது எவ்வளவு பாய்வது என்பதை வரம்பிலுள்ள வக்கடையே தீர்மானிக்கின்றது. ஒரு வக்கடையை அடைத்தால் அவ்வயல் மட்டுமே காயும். தலைமதகை அடைத்தாலோ எல்லா வயல்களும் காய்ந்துவிடும். இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டால், இக்கால உயிரியலின் அரியதோர் உண்மையை நாம் எளிதில் விளங்கிக் கொள்ளலாம்.

எமது உடலின் கலங்களுள் மிகப் பெரும்பாலானவை ஒரே டி.என்.ஏ. வாசகத்தையே தம்மகத்தே கொண்டுள்ளன. அவ்வாசகம் ஏறத்தாழ 300 கோடி எழுத்துக்களால் ஆனது. புரதங்களை ஆக்கும் பரம்பரை அலகுகள் அதில் ஏறக்குறைய 20,000 உள. அவ்வாறாயின் ஈரற் கலம் ஈரலாகவும் மூளைக் கலம் மூளையாகவும் இருப்பது எங்ஙனம்? குருதிக்கு நிறந்தரும் ஈமோகுளோபினை ஆக்கும் அலகு கண்ணிலும் தோலிலும் உண்டு. ஆயினும் அங்கே அது வாளாவிருக்கின்றது. வேறுபாடு வாசகத்தில் இல்லை. அதன் எப்பகுதி எங்கே வாசிக்கப்படுகின்றது என்பதிலேயே உள்ளது.

இதற்கு விடைகாணும் வழி 1981 ஆம் ஆண்டிலே திறந்தது. சூரிச் நகரில் பானர்ஜி, ருஸ்கோனி, ஷஃப்னர் என்னும் மூவர், ஒரு வைரசிலிருந்து எடுத்த சிறு டி.என்.ஏ. துண்டத்தை முயலின் குளோபின் அலகுடன் இணைத்தனர். அவ்வலகின் தொழிற்பாடு ஏறத்தாழ 200 மடங்கு பெருகியது. துண்டத்தைத் தலைகீழாகத் திருப்பினும், ஆயிரக்கணக்கான எழுத்துக்களுக்கு அப்பால் வைப்பினும், அதன் ஆற்றல் அழிந்திலது. ஆங்கிலத்தில் 'என்ஹான்சர்' எனப்படும் இதனை நாம் ஊக்கித் துண்டம் என்போம். தானாக எப்புரதத்தையும் ஆக்காத இத்துண்டம், பிறிதோர் அலகை இயக்குவதற்கென்றே அமைந்தது.

ஊக்கித் துண்டத்திற்குரிய புரதங்கள் வந்து அதிற் பற்றும்போது, இடையிலுள்ள டி.என்.ஏ. இழை வளைந்து, துண்டத்தையும் தொலைவிலுள்ள அலகையும் அணுகச் செய்கின்றது. அப்புரதங்கள் எவ்விழையத்தில் உளவோ அங்கேயே அவ்வக்கடை திறக்கும். பிறபொருளெதிரிகளை ஆக்கும் வெண்குழியங்களில் மட்டும் தொழிற்படும் ஊக்கித் துண்டம் 1983 இல் அறியப்பட்டது. ஓர் அலகுக்கே பல ஊக்கித் துண்டங்கள் இருத்தலும் உண்டு: ஒன்று மூளைக்கு, ஒன்று குருதிக்கு என அவை பணியைப் பகிர்ந்து கொள்கின்றன.

இஃது ஏட்டறிவு மட்டுமன்று. எமது நாட்டுக் குழந்தைகளின் உயிரோடு தொடர்புடையது. தலசீமியா என்னும் பரம்பரை நோயில் ஈமோகுளோபினின் ஒரு கூறாகிய பீற்றா குளோபின் போதிய அளவு உண்டாவதில்லை. கடும் நோயுற்ற குழந்தைக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை குருதி ஏற்றவேண்டும். அதனால் உடலிற் சேரும் இரும்பை அகற்ற மருந்தும் வேண்டும். இந்நோய் இலங்கையில் எவ்வளவு பரந்துள்ளது என்பதை, எமது நாட்டு வைத்தியர்களும் ஒக்ஸ்போர்ட் பேராசிரியர் டேவிட் வெதரோலும் இணைந்து ஆராய்ந்து 2000 ஆம் ஆண்டில் 'லான்செற்' இதழில் வெளியிட்டனர். குருநாகல் வைத்தியசாலை இந்நோயாளரைப் பராமரிக்கும் முதன்மையான நிலையமாக விளங்குகின்றது.

ஊக்கித் துண்டத்தின் இன்றியமையாமையை உணர்த்தியதும் இந்நோயே. ஒல்லாந்தைச் சேர்ந்த ஒரு குடும்பத்தில் பீற்றா குளோபின் அலகு பழுதின்றி இருந்தும் தொழிற்படவில்லை என 1983 இல் அறிவிக்கப்பட்டது. அலகுக்கு முன்னே நெடுந்தூரம் டி.என்.ஏ. அற்றுப் போயிருந்தமையே காரணம். வயல் நன்றாயிருந்தது, வக்கடை இல்லை. அங்கிருந்த ஊக்கித் தொகுதியை 1987 இல் குரோஸ்வெல்டும் அவர்தம் குழுவினரும் இனங்கண்டனர்.

இனி, கருவிலிருக்கும் குழந்தைக்கு வேறொரு ஈமோகுளோபின் உண்டு. அதற்குப் பீற்றா குளோபின் வேண்டுவதில்லை. பிறந்து சில மாதங்களில் அது பெரும்பாலும் நின்றுவிடும். அது நிற்காது தொடர்பவரிடத்துத் தலசீமியாவின் கடுமை குறைகின்றது. அதனை அடக்குவது பி.சி.எல்.11ஏ என்னும் அலகின் புரதமே என்பது 2008 இல் தெளிவாயிற்று. அவ்வலகையே அழித்துவிடலாமோ எனின், ஆகாது. மூளையின் வளர்ச்சிக்கும் ஒருவகை வெண்குழியங்களின் ஆக்கத்திற்கும் அது வேண்டும். தலைமதகை அடைத்தல் தகாது.

2013 இல் இவ்வலகினுள்ளேயே, செங்குழியங்களாக வளரும் கலங்களில் மட்டும் அதனை இயக்கும் ஊக்கித் துண்டம் ஒன்று கண்டறியப்பட்டது. அவ்வொரு வக்கடையை அடைத்தாற் போதும் என்பது புலனாயிற்று. நோயாளியின் குருதியிலிருந்து மூலக் கலங்களைப் பிரித்தெடுத்து, கிறிஸ்பர் முறையால் அத்துண்டத்தைச் சிதைத்து, மீண்டும் உடலிற் செலுத்துகின்றனர். அதற்கு முன் கடும் மருந்தினால் என்பு மச்சையை வெறுமையாக்க வேண்டும். அஃது எளிய சிகிச்சையன்று. எனினும், சிகிச்சை பெற்ற தலசீமியா நோயாளருட் பெரும்பாலார் குருதியேற்றலினின்றும் விடுபட்டனர். 2023 நவம்பரில் பிரித்தானியா இதற்கு அனுமதி வழங்கியது.

ஆயின் அமெரிக்காவில் ஒருவருக்கான இம்மருந்தின் விலை 22 இலட்சம் டொலர். எமது விவசாயக் குடும்பங்களுக்கு அஃது எட்டாக்கனி. அவர்க்கு எட்டும் வழியோ ஒன்றுண்டு. நோயின் அலகை ஒன்றாகத் தாங்குபவர் நலமாகவே வாழ்வர். தாங்குபவர் இருவர் மணந்தாலே, ஒவ்வொரு மகப்பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து உண்டு. திருமணத்திற்கு முன் செய்யும் குருதிப் பரிசோதனை இதனை வெளிப்படுத்தும். பொருத்தம் பார்க்கும் எம்மவர் இப்பொருத்தத்தையும் பார்த்தல் நன்று. கல்லூரியிற் கற்ற நாம் இச்செய்தியை வீடுதோறும் கொண்டு செல்வோமாயின், கற்றதன் பயனில் ஒரு பகுதியேனும் ஊருக்கு ஆகும். வயலுக்கு வந்த நீரை வக்கடையில் நின்று பகிர்ந்து விடுவதும் ஒரு தொண்டே.