கையால் திருகும் லென்ஸ்

கேமராவின் முகப்பில் லென்ஸைப் பொருத்துவதற்கென்று அமைந்த உலோக வளையத்துக்கும், உள்ளே படம் பதியும் பரப்புக்கும் இடையிலுள்ள தொலைவு, ஒவ்வொரு கேமராக் குடும்பத்திலும் மில்லிமீட்டரின் நூற்றில் ஒரு பங்குவரை வரையறுக்கப்பட்ட ஓர் அளவாகும். ஃபிலிம் காலத்து எஸ்எல்ஆர் கேமராக்களில், லென்ஸ் வழியே வரும் ஒளியைச் சாய்வான ஓர் ஆடி மேலே திருப்பிப் பார்ப்பவரின் கண்ணுக்கு அனுப்பியது. படமெடுக்கும் நொடியில் அந்த ஆடி எழுந்து விலகுவதற்கு இடம் வேண்டியிருந்ததால், இத்தொலைவை 40 மி.மீ.க்கு மேல் வைக்க வேண்டியிருந்தது. கேனனின் பழைய எஃப்டி அமைப்பில் அது 42 மி.மீ., எம்42 எனப்படும் திருகு அமைப்பில் 45.46 மி.மீ., நிக்கானின் எஃப் அமைப்பில் 46.5 மி.மீ. ஆடியே இல்லாத இன்றைய மிரர்லெஸ் கேமராக்களில் சோனி இ அமைப்பு 18 மி.மீ., நிக்கான் இசட் 16 மி.மீ. அளவிலேயே நின்றுவிடுகிறது. அரை நூற்றாண்டுக்கு முன் செய்த லென்ஸ் ஒன்று இன்றைய டிஜிட்டல் கேமராவில் இயங்குவதற்கு அடிப்படை, மிஞ்சிநிற்கும் இந்த இடைவெளிதான். எம்42 லென்ஸைச் சோனி கேமராவில் மாட்டத் தேவைப்படுவது 27.46 மி.மீ. நீளமுள்ள, உள்ளே கண்ணாடி ஏதுமற்ற, வெற்று உலோகக் குழாய் மட்டுமே. அடாப்டர் என்று கடைகளில் விற்பது இதுவே. கேமராவின் தொலைவு, லென்ஸுக்கு வேண்டிய தொலைவைவிடப் பெரிதாகிவிட்டால் இந்தக் கணக்கு கவிழ்ந்துவிடும். எம்42 லென்ஸை நிக்கானின் பழைய எஃப் உடலில் மாட்டுவோர், திருத்தும் கண்ணாடி வில்லை ஒன்றை இடையில் நுழைக்காதவரை, தொலைவிலுள்ள மலையையோ கோபுரத்தையோ தெளிவாகக் காண முடியாது.

இந்த வாய்ப்பு திறந்த காலத்தைத் துல்லியமாகவே குறிக்கலாம். 2008-இல் கேனன் 5டி மார்க் 2 கேமரா, ஃபிலிம் சட்டத்தின் முழு அளவான 36 × 24 மி.மீ. சென்சாரிலிருந்து முழு எச்டி வீடியோவைப் பதிவு செய்யத் தொடங்கியது. அதே ஆண்டில் பானாசோனிக் ஜி1, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் குடும்பத்தின் முதல் மிரர்லெஸ் கேமராவாக வெளிவந்தது. 2013-இல் சோனி ஏ7 வந்தபோது முழுச் சட்ட சென்சாரும் குறுகிய இடைவெளியும் ஒரே உடலில் கூடின. அதுவரை அலமாரிகளில் தூங்கிக்கொண்டிருந்த லென்ஸ்களுக்கு அன்றுதான் மறுபிறவி. கேனன் நிறுவனம் 1987-இல் தானியங்கி ஃபோகஸுக்காகப் புதிய இஎஃப் அமைப்புக்கு மாறியதால் கைவிடப்பட்ட எஃப்டி லென்ஸ்களும், 1949-இல் கான்டாக்ஸ் எஸ் கேமராவோடு புழக்கத்துக்கு வந்து பின்னர் ஜெர்மனி, ஜப்பான், சோவியத் நாடு எனப் பரவிய எம்42 லென்ஸ்களும், பொருத்துவதற்கு உடல் கிடைக்காத காரணத்தாலேயே மலிந்து கிடந்தன.

இவற்றின் மீதான ஈர்ப்பை விளக்குவோர் பெரும்பாலும் தோற்றத்திலிருந்தே தொடங்குகின்றனர். ஆனால் அசையும் படத்தைப் பொறுத்தவரை முதலில் நோக்க வேண்டியது கண்ணாடியை அல்ல, அதைச் சுமக்கும் இயந்திர அமைப்பையே. பழைய லென்ஸின் ஃபோகஸ் வளையம், ஹெலிகாய்டு எனப்படும் திருகுபுரியின் வழியாகக் கண்ணாடித் தொகுதியை நேரடியாக முன்னும் பின்னும் நகர்த்துகிறது. வளையம் திரும்பும் ஒவ்வொரு கோணத்துக்கும் ஒரே ஒரு தொலைவு உண்டு, அது என்றும் மாறுவதில்லை. இன்றைய தானியங்கி லென்ஸ்கள் பலவற்றிலோ வளையம் என்பது ஒரு மின் சுவிட்ச் மட்டுமே. அதன் சுழற்சியை உணர்ந்து சிறு மோட்டார் ஒன்று கண்ணாடியை நகர்த்துகிறது, மெல்லத் திருப்பினால் ஓர் அளவும் விரைந்து திருப்பினால் வேறோர் அளவும் நகர்த்துவதும் உண்டு. புகைப்படக்காரருக்கு இது பெரிய குறையன்று. நடிகர் கதவிலிருந்து மேசைக்கு நடந்து வரும் காட்சியை ஐந்தாறு முறை திரும்பத் திரும்ப எடுக்கும்போதோ, ஒவ்வொரு முறையும் வளையம் அதே குறியில் வந்து நிற்க வேண்டும். திரைத்துறையில் ஃபோகஸ் புல்லர் எனப்படும் உதவியாளர் வளையத்தின் மீது ஒட்டிய வெள்ளை நாடாவில் பென்சிலால் குறியிட்டுக்கொள்வது இதற்காகத்தான். மின் வளையத்தில் அந்தக் குறிக்குப் பொருளே இல்லாமல் போய்விடக்கூடும்.

ஒளித்துளையின் நிலையும் இத்தகையதே. லென்ஸின் உள்ளே உலோகத் தகடுகள் கூடி விரியும் துளையின் அளவை எஃப் எண்ணால் குறிப்பர். குவியத்தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்தால் கிடைப்பது இந்த எண், எனவே எண் சிறிதாகச் சிறிதாகத் துளை பெரிதாகும். பெரும்பாலான பழைய லென்ஸ்களில் துளை வளையம் ஒவ்வோர் எண்ணிலும் ‘க்ளிக்’ என்று நின்று நகரும். படப்பதிவின் நடுவே அதைத் திருப்பினால் வெளிச்சம் படிப்படியாகக் குதிப்பதோடு, அந்த ஒலியும் மைக்கில் விழும். ஆனால் கேமரா தானாகத் துளையைச் சுருக்கும் வசதி பரவுவதற்கு முந்தைய சில லென்ஸ்களில் இரண்டு வளையங்கள் இருந்தன. முதல் வளையத்தில் வேண்டிய எல்லையை வைத்துவிட்டு, திறந்த துளையில் ஃபோகஸ் பார்த்தபின், இரண்டாவது வளையத்தை அந்த எல்லைவரை திருப்பிப் படமெடுப்பது அக்கால முறை. அந்த இரண்டாவது வளையத்தில் தடைகள் கிடையாது, வழுக்கிக்கொண்டு ஓடும். ஃபிலிம் காலத்தில் தொல்லையாக இருந்த இந்த அமைப்பு, வெயிலிலிருந்து இருண்ட தாழ்வாரத்துக்குள் நுழையும் ஒருவரைப் பின்தொடரும் கேமராவுக்கு மிகப் பொருத்தமான ஒன்றாகிவிட்டது.

இரட்டை வளைய லென்ஸ்களில் மிகப் பரவலாக அறியப்பட்டது சோவியத் நாட்டின் ஹீலியோஸ் 44-2. குவியத்தூரம் 58 மி.மீ., பெருந்துளை எஃப் 2, எட்டுத் தகடுகள், எம்42 திருகு. இதன் குலமரபு ஜெர்மனியில் தொடங்குகிறது. பால் ருடால்ஃப் 1896-இல் ட்சைஸ் நிறுவனத்துக்காக வடிவமைத்த பிளானர், துளையின் இருபுறமும் ஏறத்தாழ ஒத்த வில்லைத் தொகுதிகளை நிறுத்தும் இரட்டை காஸ் அமைப்பின் வழிவந்தது. அந்தக் கிளையில் வில்லி மெர்ட்டே உருவாக்கியது பயோட்டார். போருக்குப்பின் மாஸ்கோவுக்கு அருகிலுள்ள கிராஸ்னகோர்ஸ்க் தொழிற்சாலை பயோட்டாரின் அமைப்பைத் தழுவிச் செய்யத் தொடங்கிய லென்ஸே பின்னாளில் ஹீலியோஸ் என்ற பெயர் பெற்று, செனித் கேமராக்களோடு பெரும் எண்ணிக்கையில் வெளிவந்தது.

இந்த லென்ஸின் புகழுக்குக் காரணமான சுழல் பின்னணி, ஒளியியலின்படி ஒரு குறைபாடே. ஃபோகஸுக்கு வெளியே இருக்கும் ஒளிப்புள்ளி ஒவ்வொன்றும் துளையின் வடிவில் ஒரு வட்டமாகப் படத்தில் விரியும். சட்டத்தின் ஓரங்களுக்குச் சாய்வாகச் செல்லும் கதிர்களை லென்ஸ் குழாயின் விளிம்பு ஒரு பக்கம் வெட்டிவிடுவதால், அங்கே வட்டங்கள் எலுமிச்சை வடிவத்துக்கு ஒடுங்குகின்றன. அவை யாவும் நடுவைச் சுற்றி வளைந்து நிற்பதால், இலைகளுக்கிடையே வானம் தெரியும் ஒரு மரத்தடியில் பின்னணி முழுவதும் சுழல்வதுபோல் தோன்றுகிறது. துளையை எஃப் 5.6-க்குச் சுருக்கினால் சுழல் மறைந்துவிடும். ஓரங்களை வெட்டிவிடும் சிறிய சென்சாரிலும் அது பெருமளவு தொலையும். 2013-இல் மெட்டாபோன்ஸ் அறிமுகம் செய்த ஸ்பீட் பூஸ்டர் போன்ற, படத்தை 0.71 மடங்காகச் சுருக்கிச் சிறிய சென்சாரில் அடக்கும் கண்ணாடி அடாப்டர்கள் வரவேற்பைப் பெற்றதற்கு இழந்த பரப்பை அவை மீட்டுத் தந்ததும் ஒரு காரணம். கேமரா அசையாத ஒரு காட்சியில் இந்தச் சுழல் முகத்தை நடுவில் நிறுத்தி வைக்கும். கேமரா நகரும்போதோ பார்வையாளரின் கவனம் கதையை விட்டுப் பின்னணிக்குப் போய்விடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரே படத்தில் நான்கு முறை வந்தால் அது அழகு அல்ல, பழக்கம்.

இதைவிட ஆழமான வேறுபாடு கண்ணாடியின் மேற்பூச்சில் இருக்கிறது. பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் தன்மீது விழும் ஒளியில் ஏறத்தாழ 4 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும். ஹீலியோஸில் ஆறு வில்லைகள் நான்கு தொகுதிகளாக ஒட்டப்பட்டிருப்பதால், காற்றைத் தொடும் பரப்புகள் எட்டு. பூச்சே இல்லாவிடில் நான்கில் ஒரு பங்குக்கு மேலான ஒளி வழியிலேயே தொலையும். தொலைந்த ஒளியில் ஒரு பகுதி வில்லைகளுக்கிடையே முட்டி மோதிப் படத்தின் மீது மெல்லிய திரையாகப் படிவதுதான் உண்மையான சிக்கல். ட்சைஸின் அலெக்சாண்டர் ஸ்மாகுலா 1930-களில் உருவாக்கிய ஒற்றை அடுக்குப் பூச்சு இந்த இழப்பைப் பெரிதும் குறைத்தது. 1970-களில் பரவிய பல அடுக்குப் பூச்சு அதை மேலும் தாழ்த்தியது. ஒற்றைப் பூச்சு லென்ஸில் சூரியனோ தெருவிளக்கோ சட்டத்துக்குள் வரும்போது நிழல்கள் சற்று வெளுக்கின்றன, வண்ணம் தணிகிறது, ஒளிக்கும் நிழலுக்கும் இடையிலான வேறுபாடு குறைகிறது. டிஜிட்டல் படத்தின் கூர்மையான கடுமையை இது மென்மைப்படுத்துவது உண்மையே. ஆனால் நிழலுக்குள் மறைந்திருந்த விவரத்தை இந்த லென்ஸ் வெளிக்கொணர்கிறது என்று சிலர் கூறுவதை அப்படியே ஏற்க இயலாது. நிழல் தூக்கப்படுகிறது, அதில் இல்லாத செய்தி புதிதாக உண்டாவதில்லை.

கூர்மையைப் பற்றிய அச்சம் வீடியோவில் பெரும்பாலும் தேவையற்றது. 4கே படச்சட்டம் என்பது 3840 × 2160 புள்ளிகள், அதாவது 83 லட்சம் புள்ளிகளே. 36 மி.மீ. அகலச் சென்சாரில் இதைப் பரப்பினால், லென்ஸ் ஒரு மில்லிமீட்டரில் 53 கோட்டு இணைகளுக்கு மேல் பிரித்துக்காட்ட வேண்டிய தேவை எழாது. நாலைந்து கோடிப் புள்ளிகள் கொண்ட புகைப்படத்தில் தடுமாறும் லென்ஸ், துளையை ஓரிரு படி சுருக்கியதும் 4கே வீடியோவில் நிறைவாகவே நிற்கிறது. அகன்ற கோண லென்ஸ்கள் இதற்கு விலக்கு. அவற்றில் பழையவற்றின் ஓரங்கள் இன்றைய தரத்துக்கு வலுவற்றவை. சென்சாரின் முன்னுள்ள பாதுகாப்புக் கண்ணாடி, படப்பரப்பை ஒட்டியே பின்வில்லை அமையும் ரேஞ்ச்ஃபைண்டர் வகை லென்ஸ்களின் ஓரங்களை மேலும் குழப்பிவிடும்.

நடைமுறையில் கையாளுவோர் சந்திக்கும் முதல் தடை மிகச் சிறியது: மின்தொடர்பு இல்லாத லென்ஸைக் கேமரா அறியாததால், லென்ஸ் இல்லாமலும் பதிவு செய்ய அனுமதிக்கும் அமைப்பை மெனுவில் தேடி இயக்க வேண்டும். உடலுக்குள் நடுக்கம் தணிக்கும் கருவியுள்ள கேமராவில் குவியத்தூரத்தைக் கையால் உள்ளிடாவிட்டால், தணிப்பதற்குப் பதிலாக அதுவே படத்தை ஆட்டிவைக்கும். இரண்டு மீட்டர் தொலைவில் நிற்பவரை முழுச் சட்டத்தில் 58 மி.மீ. லென்ஸில் எஃப் 2 துளையோடு எடுக்கும்போது தெளிவாக நிற்கும் ஆழம் ஏறத்தாழ 14 செ.மீ. மட்டுமே என்பதால், தெளிவான விளிம்புகளை வண்ணக் கோடிட்டுக் காட்டும் ஃபோகஸ் பீக்கிங் வசதியைக் கண்மூடி நம்பாமல், உருவைப் பெரிதாக்கிக் கண்ணிமையைச் சரிபார்ப்பது நல்லது. வெளிச்சக் கணக்கு இன்னும் கடினமானது. நொடிக்கு 25 சட்டங்கள் ஓடும் வீடியோவில் அசைவு இயல்பாகத் தெரிய ஷட்டர் வேகத்தை நொடியில் 50-இல் ஒரு பங்காக வைப்பர். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் ஓடும் நாடுகளில் விளக்குகள் மினுக்குவதும் இதனால் தவிர்க்கப்படும். உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 800 உணர்திறனில் இந்த வேகத்தோடு எஃப் 2 துளையையும் வேண்டுவோர், ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு ஒளியை மட்டும் விடும் இருண்ட என்டி ஃபில்டரை முன்னால் பூட்டியே ஆக வேண்டும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டிய பழுதுகளில் பூஞ்சையே முதன்மையானது. சென்னை, கொழும்பு போன்ற கடலோர நகரங்களின் ஈரக்காற்றில் பூட்டிவைத்த லென்ஸின் உள்ளே சிலந்தி வலைபோலப் படரும் இந்தப் பூஞ்சை, நாளடைவில் மேற்பூச்சை அரித்துவிடும். துடைத்தால் பூஞ்சை போகும், அரிப்பு போகாது. பின்பக்கம் கைவிளக்கைப் பிடித்து முன்பக்கமிருந்து சாய்வாகப் பார்த்தால் இது தெரிந்துவிடும். வாங்கிய பின் 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்தில் நிற்கும் உலர் பெட்டியில், அல்லது காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு, வைக்க வேண்டும்.

மற்றொன்று மஞ்சளிப்பு. ஒளியை மிகுதியாக வளைத்தும் வண்ணங்களை அதிகம் பிரிக்காத கண்ணாடியைப் பெற அக்காலத்தில் சில நிறுவனங்கள் தோரியம் ஆக்சைடைக் கலந்தன. ஏழு வில்லைகள் கொண்ட சூப்பர் டாக்குமார் 50 மி.மீ. எஃப் 1.4 அவற்றில் பெயர்பெற்றது. தோரியத்தின் கதிர்வீச்சே ஆண்டுகள் செல்லச்செல்லக் கண்ணாடியைத் தேநீர் நிறத்துக்கு மாற்றுகிறது. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலின் மோனசைட் தாதுவிலும், திருமண ஊர்வலங்களில் எரிந்த பெட்ரோமாக்ஸ் விளக்கின் பழைய மேண்டிலிலும் இருந்த அதே தனிமம்தான் இது. கேமராவில் வைத்துப் பயன்படுத்துவதால் அஞ்சத்தக்க தீங்கு இல்லை. வில்லையை உடைப்பதும் தேய்ப்பதும் மட்டும் கூடாது. புற ஊதா ஒளியில் சில நாள்களோ வாரங்களோ வைத்தால் மஞ்சள் தெளியும். வெயிலில் வைப்போர் லென்ஸின் மறுமுனையைத் தகட்டால் மூடாவிட்டால், குவிந்த கதிர் சன்னல் திரையைப் பற்றவைத்துவிடும்.

புகைப்பட லென்ஸைத் திரைப்படத்துக்குக் கொண்டுவருவது இன்றைய சிக்கன முயற்சி மட்டுமன்று. ஸ்டான்லி குப்ரிக் 1975-இல் வெளியிட்ட ‘பேரி லிண்டன்’ படத்தின் மெழுகுவர்த்திக் காட்சிகள், நாசாவுக்காகச் செய்யப்பட்ட எஃப் 0.7 துளையுள்ள ட்சைஸ் பிளானர் புகைப்பட லென்ஸை, எட் டிஜூலியோ ஒரு மிட்சல் கேமராவையே அறுத்து மாற்றிப் பொருத்தியதால் எடுக்க முடிந்தவை. இன்று அந்த வேலை தனித் தொழிலாகவே வளர்ந்துவிட்டது: பழைய லென்ஸின் கண்ணாடியை மட்டும் கழற்றி எடுத்து, பல்சக்கரம் பொருத்திய நீண்ட சுழற்சி வளையங்களுடன் புதிய உலோக உறைக்குள் குடியேற்றித் தருகின்றனர். 2024-இல் வந்த ‘டூன்’ இரண்டாம் பாகத்தில் ஒளிப்பதிவாளர் கிரெய்க் ஃப்ரேசர் பயன்படுத்தியவற்றுள் இவ்வாறு உறை மாற்றிய சோவியத் லென்ஸ்களும் உண்டு. அந்த உறையின் விலை, உள்ளே இருக்கும் கண்ணாடியின் விலையைப்போல் பல மடங்கு.