சத்தமின்றி ஒரு பயிற்சி

பிள்ளைகள் கணனியின் முன்னாலோ கைத்தொலைபேசியுடனோ இருந்து விளையாடும்போது, "அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் குறை" என்று சொல்லாத தாய்மார் எம்மிடையே இல்லை எனலாம். ஆனால் இவ்விளையாட்டுக்களைப் பெரிய சுற்றுப்போட்டிகளில் ஆடுபவர்களிற் சிலர், எவரும் சொல்லாமலே சத்தத்தை முற்றாக நிறுத்திவிட்டுப் பயிற்சி செய்கின்றார்கள். ஏன் அப்படிச் செய்கின்றார்கள் என்று பார்ப்போமா, சகோதரிகளே?

வீடியோ விளையாட்டு இன்று வெறும் பொழுதுபோக்கு மாத்திரமல்ல. 2018ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் இடம்பெற்ற ஆசிய விளையாட்டு விழாவில் அது காட்சிப் போட்டியாகச் சேர்க்கப்பட்டது. 2023ஆம் ஆண்டு சீனாவின் ஹாங்சோ நகரில் நடைபெற்ற விழாவில் பதக்கங்களுக்குரிய போட்டியாகவே நடத்தப்பட்டது. அங்கு 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' என்னும் சண்டை விளையாட்டில் தங்கப்பதக்கம் வென்ற தென்கொரியாவின் கிம் குவான்-வூவுக்கு அப்போது வயது 44. இளம் பிள்ளைகளின் விரல் வேகம் மட்டும் இதற்குப் போதாது என்பதற்கு அவரே சாட்சி.

காது செய்யும் வேலை

சண்டை விளையாட்டில் திரையிலே ஒரு விநாடிக்கு 60 படங்கள் ஓடுகின்றன. ஓர் அடி விழுந்ததா, அல்லது எதிராளி அதைத் தடுத்துவிட்டாரா என்பதை அந்தச் சிறு நேரத்துக்குள் அறிந்து அடுத்த பொத்தானை அழுத்த வேண்டும். விழுந்த அடிக்கு ஒரு சத்தம், தடுத்த அடிக்கு வேறு சத்தம். நாளாந்தம் விளையாடுபவரின் விரல்கள், அவர் அறியாமலே இந்தச் சத்தங்களின் தாளத்துக்குப் பழகிவிடுகின்றன. தையல் இயந்திரத்தின் ஓசையைக் கொண்டே நூல் சரியாக ஓடுகின்றதா என்று கண்டுபிடிக்கும் தையற்காரியைப் போலத்தான் இதுவும்.

வீட்டு அறையில் இது நல்ல உதவி. ஆனால் போட்டி மண்டபம் வேறு. அங்கு வரிசை வரிசையாகத் திரைகள், ஒன்றோடொன்று கலக்கும் ஒலிகள், ஒலிபெருக்கியில் வர்ணனையாளர்கள், ஆரவாரிக்கும் ரசிகர்கள். காதை நம்பிப் பழகியவருக்கு அங்கே கை தடுமாறுகின்றது. தோற்ற பின்னர்தான், தான் இதுவரை எதில் சாய்ந்து நின்றோம் என்பது அவருக்கு விளங்குகின்றது.

2004இல் நடந்த ஒரு போட்டி

அவ்வாண்டு ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 'ஈவோ' சுற்றுப்போட்டி இடம்பெற்றது. யப்பானிய வீரர் டைகோ உமேஹாராவும் அமெரிக்க வீரர் ஜஸ்டின் வோங்கும் மோதினார்கள். டைகோவின் பாத்திரத்துக்கு உயிர் மயிரிழையில் நின்றது. எதிராளியின் தாக்குதலைச் சாதாரணமாகத் தடுத்தாலும் தோல்விதான். தொடர்ந்து வந்த 15 உதைகளையும் ஒவ்வொன்றாக, சரியான கணத்தில் எதிர்கொண்டு அவர் தப்பினார். அந்தப் போட்டியையும் வென்றார். முதலாவது உதை தொடங்கியதும் எழுந்த ஆரவாரம் அந்த மண்டபத்தையே நிறைத்தது. அன்றைய இறுதிப் போட்டியில் அவர் தோற்றபோதிலும், அந்தச் சில விநாடிகளை இன்றும் விளையாட்டு ரசிகர்கள் நினைவுகூருகின்றார்கள்.

பின்னாளில் ஏற்பாட்டாளர்களும் வழி தேடினார்கள். சில பெரிய போட்டிகளில் வீரர்களை ஒலி புகாத கண்ணாடிக் கூண்டுக்குள் இருத்துகின்றார்கள். வேறு சிலவற்றில், வெளிச்சத்தம் கேளாதிருக்க, மழை இரைச்சல் போன்ற ஒரே சீரான ஒலியை ஹெட்போனுக்குள் விடுகின்றார்கள். ஆயினும் எல்லா மண்டபங்களிலும் இவ்வசதி கிடையாது. ஆகவே பயிற்சியிலேயே ஆயத்தமாக வேண்டியுள்ளது.

பயிற்சி எப்படி?

முதலில் ஒலியுடன் ஓர் ஆட்ட முறையைக் கற்றுக்கொள்ள வேண்டும். பின்னர் ஒலியை நிறுத்திவிட்டு அதையே திரும்பச் செய்து பார்க்க வேண்டும். எந்த இடத்தில் கை பிழைக்கின்றதோ, அந்த இடத்தில்தான் இதுவரை காது வழிகாட்டியிருக்கின்றது. அங்கு கண்ணால் பிடிக்கக்கூடிய ஓர் அடையாளத்தைத் தேட வேண்டும்: ஒரு ஒளிப்பொறி, பாத்திரத்தின் தோள் அசைவு, திரையின் மேலுள்ள உயிர்க்கோடு. அதன் பின் வானொலியைச் சத்தமாகப் போட்டுவிட்டும் பழகலாம்.

எனினும் எந்நேரமும் இப்படிப் பழகுவது பொருந்தாது. துப்பாக்கிச் சூட்டு விளையாட்டுக்களில் எதிராளியின் காலடி ஓசை எத்திசையிலிருந்து வருகின்றது என்பதே முக்கிய தகவல். அங்கு ஒலியையும் கேட்டுப் பழகத்தான் வேண்டும். ஒலி இருந்தால் பயன்படுத்துவது, இல்லாவிட்டாலும் நின்றுவிடாதிருப்பது, இதுவே நோக்கம்.

சிலருக்கு இதுவே வாழ்க்கை

மற்றவர்கள் பயிற்சிக்காகத் தேடிச் செல்லும் இந்த நிசப்தத்தில் எப்போதும் விளையாடுபவர்களும் இருக்கின்றார்கள். 2019ஆம் ஆண்டு, செவிப்புலனற்ற 13 வயதுப் பிள்ளையொன்றை அமெரிக்காவின் பிரபல விளையாட்டுக் குழுவான 'ஃபேஸ் கிளான்' தன்னுடன் சேர்த்துக்கொண்டது. அப்பிள்ளை ஆடிய 'ஃபோர்ட்நைட்' விளையாட்டில், காலடி ஓசையும் வெடிச்சத்தமும் வரும் திசையைத் திரையில் அடையாளமாகக் காட்டும் வசதி உண்டு. மறுபக்கத்தில், சிறு வயதிலேயே பார்வையை இழந்த நெதர்லாந்து வீரர் ஸ்வென் வான் டே வேகே, காதை மட்டுமே கொண்டு ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஆடுகின்றார். 2023இல் வெளிவந்த அவ்விளையாட்டின் 6ஆம் பதிப்பில், எதிராளி எவ்வளவு தூரத்தில் நிற்கின்றார் என்பதை ஒலியால் அறியவும் வழி செய்யப்பட்டுள்ளது.

எமது பிரதேசங்களிலும் ஷெல் வெடிப்பினால் செவிப்புலன் குறைந்தவர்கள் இருக்கின்றார்கள். அப்படியொரு பிள்ளை விளையாட விரும்பினால், "உனக்கு இது சரிவராது" என்று சொல்லிவிடாதீர்கள். விளையாட்டின் அமைப்புப் பகுதியில் ஒலியைக் காட்சியாகக் காட்டும் வசதி உண்டா என்று சேர்ந்திருந்து தேடிப் பாருங்கள்.

நன்றாகக் கேட்கும் பிள்ளைகளின் காதையும் காக்க வேண்டும். பெரியவர்கள் வாரத்துக்கு 40 மணித்தியாலங்கள் கேட்பதானால் 80 டெசிபலும், சிறுவர்கள் கேட்பதானால் 75 டெசிபலுமே எல்லை என உலக சுகாதார அமைப்பு கூறுகின்றது. சத்தம் கூடக்கூட, பாதுகாப்பாகக் கேட்கக்கூடிய நேரம் குறைந்துகொண்டே போகும்.

ஆகவே அடுத்த முறை "சத்தத்தைக் குறை" என்று சொல்லும்போது பிள்ளை முகம் சுளித்தால், போட்டி வீரர்களும் இப்படித்தான் பழகுகின்றார்கள் என்ற செய்தியையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஏச்சாகக் கேட்ட வார்த்தை அவர்களுக்கு ஒரு சவாலாகத் தோன்றக்கூடும்.